மெஷின் வந்தது, மேசை வரவில்லை

கொழும்பில் பாவித்த இண்டஸ்ட்ரியல் தையல் மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் இதை வாசித்தால் நல்லது. நான் வாங்கும்போது இதையெல்லாம் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை. மெஷின் விற்கிறவருக்கு மேசையைப் பற்றிக் கவலையில்லை, மேசை செய்கிறவருக்கு மெஷினைப் பற்றித் தெரியாது, மோட்டர் கடைக்காரர் இரண்டையும் பார்த்ததில்லை. மூன்று பேருக்கும் நடுவில் நான் மட்டும் அளவு நாடாவோடு அலைந்தேன்.

கட்டுநாயக்கவில் கார்மெண்ட் லைனில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு, இப்போது கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே பை தைக்கிறேன். பள்ளிக்கூடப் பை, கன்வஸ் பை, எப்போதாவது த்ரீவீலர் சீட் கவர். சாதாரண வீட்டு மெஷினில் ரெக்ஸின் இரண்டு மடிப்புப் போகும், நாலு மடிப்பில் ஊசி முறியும். பைப் பட்டி சேருகிற இடத்தில் ஏழெட்டு மடிப்பு வரும். அதற்கு வோக்கிங் ஃபுட் மெஷின்தான் வேண்டும். அதில் ஊசியும் துணியை அழுத்துகிற கால்களும் கீழ்ப்பல்லும் சேர்ந்து துணியை நகர்த்துவதால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்காது. புதிது வாங்க எனக்கு வசதியில்லை. ஒரு தொழிற்சாலை மூடும்போது மொத்தமாக எடுத்த சாமான்களில் ஜூக்கி டிஎன்யு 1541 ரகத்தில் ஒரு தலை (மேசையில் உட்காருகிற மெஷின் பாகம் மட்டும்) இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். ஓடவிட்டுக் காட்டினார்கள், சத்தம் சுத்தமாக இருந்தது. "மேசை இல்லை தங்கச்சி, மோட்டர் தாறன், மேசை எங்க வேணுமெண்டாலும் எடுக்கலாம்" என்றார் விற்றவர். 1,65,000 ரூபா. பேசிப் பார்த்தேன், குறையவில்லை.

இந்த ரகத் தலை 35 கிலோவுக்கு மேல் இருக்கும். வீட்டு மெஷினைத் தூக்கிப் பழகிய கைக்கு அது வேறு உலகம். இரண்டாம் மாடிக்கு ஏற்ற ஆட்டோக்காரத் தம்பியும் கீழ்வீட்டுப் பையனும் உதவினார்கள். தூக்கும்போது கைச்சில்லைப் பிடிக்கக்கூடாது, ஊசிப் பக்கத்துக் கம்பியையும் பிடிக்கக்கூடாது. ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை அடித்தட்டுக்குக் கீழே. அதைச் சொல்லிச் சொல்லியே ஏற்றினேன். ஏற்றி நிலத்தில் வைத்த பிறகு பார்த்தால் அழகான மெஷின், ஆனால் அதை வைத்து ஒரு தையல்கூடப் போட முடியாது. இண்டஸ்ட்ரியல் மெஷினின் தலை தனியாக நிற்கிற சாமான் இல்லை. அதன் அடிப்பாகத்தில் அச்சுகளும் ஹூக்கும் தொங்குகின்றன. மேசையில் ஓட்டை வெட்டி அதற்குள் இறக்க வேண்டும். மோட்டர் மேசைக்குக் கீழே தொங்க வேண்டும், மிதி அதற்கும் கீழே.

முதல் அடி மோட்டரில் விழுந்தது. விற்ற இடத்தில் ஓடவிட்டுக் காட்டியது த்ரீ ஃபேஸ் கரண்டில். நம் வீடுகளுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட். எலக்ட்ரீசியன் வந்து மோட்டரின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா இது வீட்டில ஓடாது" என்றார். கெப்பாசிட்டர் போட்டு ஓட்டலாம், ஆனால் பலம் குறையும், சூடாகும் என்றும் சொன்னார். தடித்த ரெக்ஸின் தைக்கத்தானே இத்தனை பாடு, பலம் குறைந்த மோட்டர் எனக்கு எதற்கு? விற்றவருக்குப் போன் எடுத்தேன். "மோட்டர் தாறன் எண்டுதானே சொன்னன், என்ன ஃபேஸ் எண்டு நீங்க கேக்கேல்லையே" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மோட்டர் கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போனது. பாவித்த மோட்டர் எதுவானாலும் அந்தத் தகட்டை முதலில் பாருங்கள். 380, 400, 415 என்று இருந்தால் தொழிற்சாலைக் கரண்ட். 220 அல்லது 230 வோல்ட், சிங்கிள் ஃபேஸ் என்று இருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் பண்ணி வருகிற சாமானில் 100 வோல்ட் என்று இருந்தால் இன்னும் கவனம். அதை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும்.

மேசை கதை இதைவிட நீளம். புறக்கோட்டைப் பக்கம் விசாரித்தபோது எல்லாக் கடையிலும் ஜூக்கி மேசை இருந்தது. பலகையும் இரும்புக் காலும் சேர்த்து 26,000 ரூபா. "எல்லா மெஷினுக்கும் போகும்" என்று உறுதியாகச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தலையை இறக்கப் பார்த்தால் இறங்கவில்லை. சாதாரண ஸ்ட்ரெயிட் தையல் மெஷினின் அடித்தட்டு 476 மில்லிமீட்டர் நீளம், 178 அகலம். கடையில் விற்கிற மேசைகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு வெட்டியவை. என் மெஷினின் தட்டு 517க்கு 178. அகலம் ஒன்றுதான், நீளத்தில் 41 மில்லிமீட்டர் கூட. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. "ஒரு பாஸைப் பிடிச்சு கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்க, சின்ன வேலை" என்றார்.

அந்தச் சின்ன வேலைக்கு வந்த தச்சு பாஸ் கெட்டவரில்லை. அலுமாரி, கட்டில் நன்றாகச் செய்கிறவர். "நங்கி, பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓட்டையை இடது பக்கம் நீட்டினார். வலது பக்கம் பெல்ட் இறங்குகிற துளை இருப்பதால் அந்தப் பக்கம் தொட முடியாது. பிரச்சினை என்னவென்றால், தலை உட்காருவதற்கு ஓட்டையின் மூலைகளில் படி மாதிரி ஒரு விளிம்பு விட்டிருப்பார்கள். நீட்டும்போது இடது பக்க விளிம்புகள் போய்விட்டன. அதற்குப் பதில் கீழேயிருந்து ஒரு ரீப்பைத் துண்டை ஆணி அடித்துத் தாங்கவைத்தார். பலகையோ மரத்தூளை அழுத்திச் செய்தது. பின்பக்கத்தில் கீல் உட்காருகிற இரண்டு பள்ளங்களும் என் மெஷினுக்கு வேறு இடத்தில் வந்ததால் அவற்றையும் புதிதாகச் செதுக்கினார். வெட்டின இடமெல்லாம் பிஸ்கட் போல உதிர்ந்தது. 3,500 ரூபா கூலி கொடுத்தேன்.

ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எண்ணெய் விடுவதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்தேன். சாய்க்கும்போது முழுப் பாரமும் இரண்டு கீல்களில்தான் வரும். வலது கீல் பலகையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. தலை சரிந்து என் விரலை நசுக்கியது. நகம் கறுத்துப்போய், விழுந்து, திரும்ப முளைக்கும் வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே இருந்த எண்ணெய்த் தட்டு மட்டும் நெளிந்தது. அம்மா, "வித்துப்போட்டு பழைய மெஷினிலேயே தை பிள்ளை" என்றாள். அதற்குள் பள்ளிக்கூடப் பை சீசனும் வந்துவிட்டது. கையில் இருந்த ஓடரை இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அதில் மட்டும் 40,000 ரூபாவுக்குக் குறையாமல் கை நழுவியது. அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. யாரைக் குறை சொல்வது என்றுகூடத் தெரியவில்லை, எல்லாரும் தங்கள் பங்கு வேலையைச் சரியாகத்தான் செய்ததாக நினைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மேசையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். தச்சு வேலை எனக்குத் தெரியாது. ஆனால் பட்டர்ன் வெட்டத் தெரியும், அளவு எடுக்கத் தெரியும். பார்த்தால் இந்த வேலையில் பாதி அதுதான். ஒரே ஒரு பிடிவாதம் வைத்துக்கொண்டேன்: தலை, புது மோட்டர், கீல், எண்ணெய்த் தட்டு, மிதி எல்லாம் வீட்டு நிலத்தில் வந்து சேரும்வரை பலகையில் ஒரு கோடும் போடுவதில்லை. புத்தகத்தில் இருக்கிற அளவை நம்பி வெட்டாதீர்கள், கையில் இருக்கிற சாமானை அளந்து வெட்டுங்கள்.

மோட்டருக்கு 27,500 ரூபா கொடுத்து 550 வாட் சர்வோ மோட்டர் வாங்கினேன். பழைய கிளட்ச் மோட்டர் பாரம் அதிகம், மிதிக்காத நேரமும் ஊம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தைக் குறைத்து வைக்கலாம், மேசையில் தொங்குகிற பாரமும் குறைவு. மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு குறை உண்டு. மிக மெதுவாக ஓட்டும்போது தடித்த இடத்தில் தடுமாறும். அதற்கு மருந்து புலி (pulley), அதாவது பெல்ட் ஓடுகிற சில்லு. மோட்டரில் போடுகிற புலியின் விட்டத்தைப் பாதியாக்கினால் மெஷினின் வேகம் பாதியாகும், ஊசி குத்துகிற பலம் இரட்டிப்பாகும். கடையில் இருக்கிற மிகச் சிறிய புலியைக் கேட்டு வாங்குங்கள். பை தைக்கிறவர்களுக்கு கார்மெண்ட் வேகம் தேவையே இல்லை.

பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவூட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று, 16,500 ரூபா. கடை மேசைகள் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர் தடிப்பு. அதனால் இரண்டு 18ஐ ஒட்டி 36 ஆக்குவதுதான் திட்டம். ஒரு ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் எட்டுக்கு இரண்டு அடியில் இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து அடி வெட்டினால் ஐந்துக்கு இரண்டு மேசைக்கு இரண்டு அடுக்கும் சரியாகக் கிடைக்கும், மூன்றடித் துண்டுகள் இரண்டு மிச்சம். இதைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். முழு ஷீட் 30 கிலோ அளவில் இருக்கும், கொட்டாஞ்சேனை மாடிப்படிகளில் அது திரும்பாது. வாங்கும்போது ஷீட்டின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். நான் முதலில் போன கடையில் "எல்லாம் ஒண்டுதான் தங்கச்சி" என்றார் கடைக்கார நானா. ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. பட்டா லொறிக்கு 2,500 கொடுத்து வேறு கடையிலிருந்து ஏற்றிவந்தேன். இன்னொன்று, 18 என்று விற்பது எப்போதும் 18 இருக்காது, அளந்து பாருங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் முழு வேலையிலும் எனக்கு மிகவும் உதவியது. தலை உட்காருகிற படியைச் செதுக்க ரூட்டர் மெஷின் வேண்டும், அதை ஓட்டப் பழக்கமும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. ஆனால் பலகை இரண்டு அடுக்காக இருப்பதால், ஒட்டுவதற்கு முன்னாலேயே ஓட்டையை இரண்டு அளவில் வெட்டிவிடலாம். மேல் அடுக்கில் அடித்தட்டின் முழு அளவு, சுற்றிவர ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு. கீழ் அடுக்கில் அதே ஓட்டை, ஆனால் நாலு மூலைகளிலும் சிறிய முக்கோணமாக மரத்தை மிச்சம் விட்டு. இரண்டையும் ஒட்டினால் மூலைகளில் படி தானாக வந்துவிடும். வாடகைக்கு எடுத்த ஜிக்சோ (கையில் பிடிக்கிற மின்வாள்) ஒன்றே போதும். கீழ் அடுக்கை வெட்டும் முன் எண்ணெய்த் தட்டை வைத்துப் பாருங்கள், தலைக்குக் கீழே தொங்குகிற உறுப்புகள் எதுவும் அந்த முக்கோணங்களில் முட்டக்கூடாது. படியின் ஆழத்துக்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மேல் அடுக்கு 18, அதன் மேல் ஒட்டுகிற போர்மிக்கா 1, ஆக 19. அதிலிருந்து அடித்தட்டின் விளிம்புத் தடிப்பையும் மூலையில் வைக்கிற றப்பரின் தடிப்பையும் கழித்தால் வருகிற மிச்சத்துக்கு மெல்லிய பலகைத் துண்டு வைக்க வேண்டும். மெஷின் தட்டும் மேசையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் பை அதில் தட்டுப்பட்டுத் தையல் நெளியும்.

ஓட்டையை நான் முதலில் கடதாசி மட்டையில் வரைந்து வெட்டினேன். மட்டையைத் தலைக்கு அடியில் பிடித்து, மூலை வளைவு வரை சரிபார்த்து, அதைப் பலகையில் வைத்துக் கோடு போட்டேன். மேசையில் ஓட்டை எங்கே வரவேண்டும் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. பை தைக்கும்போது பாரமெல்லாம் ஊசிக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் விழும். ஆகவே வலது விளிம்பிலிருந்து 10 அங்குலம், முன் விளிம்பிலிருந்து 5 அங்குலம் விட்டேன். இடது பக்கம் இரண்டரை அடி அளவு வெறும் மேசை கிடைத்தது, பின்னால் ஓரடி. முன்பக்கத்தை இதைவிட அகலமாக விட்டால் ஊசி எட்டாமல் குனிந்து முதுகு நோகும்.

ஒட்டும் வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். வூட் குளூவைப் பரவலாகத் தேய்த்து, அடியிலிருந்து குட்டை ஸ்க்ரூக்கள் போட்டு, மேலே தண்ணீர் நிரப்பிய கேன்களை வரிசையாக வைத்தேன். கொழும்பு ஈரக்காற்றில் குளூ காய நேரமெடுக்கும், ஒரு நாளுக்குக் குறைவாக எடுக்க வேண்டாம். மேலே போர்மிக்கா ஒட்டியதற்குச் சாமானோடு 5,200 ஆனது. துணி வழுக்கிப் போவதற்கு அது தேவை. மேல் பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு அடியை அப்படியே விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். ஆகவே அடியிலும் ஓட்டையின் உள்விளிம்பிலும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்தேன். எண்ணெய் சொட்டுகிற இடம் அது, வெறும் மரமாக விட்டால் ஊறிவிடும். முன் விளிம்பைச் சாண்ட் பேப்பரால் உருட்டிவிடுங்கள், முழங்கை நன்றி சொல்லும்.

மேசைக் காலுக்கு இரண்டங்குலப் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்), 20 அடி நீளத்தில் இரண்டு, 17,800 ரூபா. பழைய சோனகத் தெருப் பக்கம் வாங்கினேன். வெல்டிங் கூலி 9,000. உயரத்தை உங்கள் உடம்பை வைத்து முடிவு செய்யுங்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்து, முழங்கை மடிகிற உயரத்துக்கு மேசை மேற்பரப்பு வர வேண்டும். எனக்கு அது 29 அங்குலம். அதில் பலகைக்கு ஒன்றரை, அடி றப்பருக்கு அரை கழித்து 27 அங்குலத்தில் கால் வெட்டச் சொன்னேன். வெல்டிங் தம்பி கெட்டிக்காரன், ஆனால் அவன் செய்து பழகியது தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்டும் கேட்டும். பலகைக்குக் கீழே நடுவில் பலத்துக்காக ஒரு குறுக்குக் கம்பி போட்டு வைத்திருந்தான். சரியாக மோட்டர் வருகிற இடம். "பலமா இருக்கட்டும் எண்டுதான் அக்கா" என்றான். வெட்டி நகர்த்த வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க, பலகையையே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டு, ஓட்டை, மோட்டர், முழங்கால் லிஃப்டர் (முழங்காலால் தள்ளித் துணியை அழுத்துகிற காலைத் தூக்குகிற கம்பி) இருக்கிற இடங்களைச் சோக்கால் குறித்துவிட்டு அதன் மேலேயே சட்டத்தை வைத்து வெல்ட் பண்ணச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் வெல்டிங்கில். முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் சரியாக இருந்தால்தான் முழுத் தையலும் போட வேண்டும். சூட்டில் இரும்பு இழுபடும், பிறகு ஒரு கால் நிலத்தில் படாது. அடுத்தது, பின்பக்கத்தில் சாய்வாகக் குறுக்குக் கம்பி கட்டாயம் வேண்டும். நேர்க் கம்பிகள் எத்தனை போட்டாலும் மேசை பக்கவாட்டில் ஆடும், ஒரு சாய்வுக் கம்பி அதை நிறுத்திவிடும். பின் கால்கள் பலகையின் பின் விளிம்புக்குக் கிட்ட இருக்க வேண்டும். தலையைச் சாய்க்கும்போது 35 கிலோவும் பின்னால் போகும், கால்கள் உள்ளே தள்ளியிருந்தால் மேசையே பின்னால் கவிழும். சாய்கிற தலையைத் தாங்க ஒரு கட்டையை மேசையில் நட்டுவிடுங்கள். சுவரோடு ஒட்டியும் போடாதீர்கள், சாய்க்க இடம் வேண்டும்.

மோட்டரை மாட்டும்போது ஸ்க்ரூவை நம்ப வேண்டாம். மேலிருந்து கீழே முழுவதும் போகிற மூன்று போல்ட், அடியில் அகலமான வொஷர், நைலோன் வைத்த நட். மேலே தலை தெரியாமல் பள்ளத்தில் இறக்க வேண்டும். இடத்தை எப்படிப் பிடிப்பது என்பதற்குத் தையல்காரியின் வழி ஒன்று: நூலில் ஒரு நட்டைக் கட்டி, கைச்சில்லில் பெல்ட் ஓடுகிற பள்ளத்திலிருந்து தொங்கவிட்டேன். நூல் எங்கே நிற்கிறதோ மோட்டர் புலியின் பள்ளமும் அங்கேயே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பெல்ட் ஓரத்தைத் தின்று தூள் கொட்டும். பெல்ட்டை எல்லாம் பொருத்திய பிறகே, இரண்டு சில்லுகளையும் சுற்றி நூலால் அளந்து வாங்குங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் மெஷின் கனக்கும், தளர்த்தினால் தடித்த இடத்தில் வழுக்கும். பெல்ட் போடுவதற்கு முன் மோட்டரைத் தனியாக ஓடவிட்டுத் திசை பாருங்கள். கைச்சில்லின் மேற்பக்கம் தைக்கிறவரை நோக்கி வர வேண்டும். சர்வோவில் திசையை மாற்றும் வசதி இருக்கும், கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

மிதியிலிருந்து மோட்டருக்குப் போகிற கம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத்தில் சாய்ந்தால் மிதி திக்கித் திக்கி வேலை செய்யும், மெதுவாகத் தைக்கவே முடியாது. மிதியின் குறுக்குக் கம்பியை நான் வெல்ட் பண்ணாமல் போல்டால் மாட்டினேன். இருந்து தைத்துப் பார்த்து முன் பின்னாக நகர்த்தி, காலுக்கு வசதியான இடத்தில் இறுக்கினேன். அந்த நேரம் வீணாகவில்லை.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரும்புச் சட்டத்தில் மோட்டர் தொங்குகிறது, கால் இரும்பு மிதியில், கை இரும்புத் தட்டில். மூன்று பின் பிளக், எர்த் வயர் சட்டத்தோடு போல்ட் பண்ணி, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் முதல் தடவை சுவிட்ச் போட்டேன்.

ஓடியது. ஏழு மடிப்பு ரெக்ஸினை ஒரே சீராகக் குத்திக்கொண்டு போனபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் வேகம் கூட்டினால் டைல்ஸ் நிலத்தில் மேசை மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கியது. கீழ்வீட்டு ஆன்ட்டியும் மேலே வந்துவிட்டார். "பிள்ளை, எங்கட சீலிங் எல்லாம் அதிருது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பஞ்சிகாவத்தையில் வாகன எஞ்சினுக்குக் கீழே வைக்கிற றப்பரை வாங்கிப் பொருத்தினேன். அது மிருதுவாக இருந்ததால் மேசை தொட்டில் போட்டது. பிறகு அரை அங்குலக் கெட்டி றப்பர்த் துண்டுகளை வெட்டி வைத்தேன், சரியாயிற்று. மிச்சமிருந்த மூன்றடிப் பலகையில் ஒன்றைக் கீழ்க் கம்பிகளின் மேல் தட்டாகப் போட்டு, அதில் முற்றத்துக்குப் பதிக்கிற இன்டர்லொக் கற்கள் கொஞ்சம் அடுக்கினேன். மேசையும் தலையும் மோட்டரும் ஏற்கனவே 90 கிலோ அளவில் இருந்தன, கற்களோடு இன்னும் ஏறியது. பாரம் கூடக் கூட அதிர்வு குறைந்தது. ஆன்ட்டியோடு ஒரு பேச்சும் வைத்துக்கொண்டேன்: இரவு எட்டு மணிக்குப் பிறகு மெஷின் ஓடாது.

காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பலகை, லொறி, பொக்ஸ் பார், வெல்டிங், போர்மிக்கா எல்லாம் சேர்த்து 51,000. அதோடு குளூ, போல்ட், றப்பர், வார்னிஷ், ஜிக்சோ வாடகைக்கு 6,400. ஆக மேசைக்கு மட்டும் 57,400. மோட்டர் தனி. கடை மேசைக்கும் அதை வெட்டியதற்கும் போன 29,500இல், இரும்புக் காலை விற்று 7,000 திரும்ப வந்தது. ஆகவே வீட்டில் செய்தால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களிடம் இருப்பது சாதாரண ஸ்ட்ரெயிட் தையல் மெஷின் என்றால், 476க்கு 178 ஓட்டையுள்ள கடை மேசையை வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், அதற்கு இந்தப் பாடு தேவையே இல்லை. வோக்கிங் ஃபுட், அதுவும் மேசையில்லாத தலை என்றால், விலை பேசும்போதே மேசைக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டருக்கும் ஒரு 85,000ஐ மனதில் கூட்டிக்கொண்டு பேசுங்கள்.

முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை எல்லா நட்டையும் ஸ்பேனரால் தொட்டுப் பார்த்தேன். புதுப் பலகை கொஞ்சம் அமுங்கும், போல்ட் தளரும். மோட்டரின் மூன்று நட்டில் ஒன்று உண்மையிலேயே தளர்ந்திருந்தது. புதுப் பெல்ட்டும் நீளும், அதையும் ஒருமுறை இறுக்க வேண்டியிருந்தது. இப்போது மாதம் ஒருதரம் பார்க்கிறேன். முழங்கால் லிஃப்டர் மட்டும் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. அதன் கம்பியை வளைத்துத் தர வெல்டிங் தம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், இன்னும் வரவில்லை.